பொய்லர் பார்க்கும் நம் ஆட்களுக்குப் பாடம் சொல்லித் தருவது யார்?

சென்ற வருட மழைக்காலத்தில் எங்கள் பகுதித் தோட்டமொன்றின் ஸ்டோரில் இரவு வேலையின்போது ஒரு விபத்து நடந்தது. கொழுந்து வாட்டும் மாடிக்குச் சூடு அனுப்புகிற வெந்நீர்ப் பொய்லரின் பாதுகாப்பு வால்வு திடீரென்று திறந்து கொதிநீர் பீறிட்டது. விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இளம் தொழிலாளிக்கு முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. ஆறு கிழமை அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. பொய்லருக்குப் பொறுப்பாக இருந்த பெரியவருக்கு மறுநாளே கடிதம் வந்தது. கவனக்குறைவாம். ஏன் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று அவர் காரணம் காட்ட வேண்டுமாம்.

சங்கத்தின் சார்பில் விசாரணைக்குப் போனோம். அங்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். இந்தப் பொய்லரை எப்படிப் பார்ப்பது என்று இவருக்கு யார், எப்போது, எந்த மொழியில் சொல்லிக் கொடுத்தார்கள்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. பொய்லரைப் பூட்ட கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஒரு பின்னேரம் நின்று காட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பாதி சிங்களத்தில், பாதி ஆங்கிலத்தில். அவர்கள் விட்டுச்சென்ற புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் கந்தோர் அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்தப் பெரியவர் பழைய விறகு அடுப்பில் 19 வருடம் வேலை செய்தவர். எந்த விறகு எப்படி எரியும் என்று அவரைக் கேட்டால் போதும். ஆனால் புதுப் பொய்லருக்குப் பக்கத்தில் ஏன் ஒரு சிவப்புத் தாங்கி தொங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் நாள் குழாய்களைச் சுத்தம் செய்தவர்கள் அந்தத் தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டிவிட்டுத் திறக்க மறந்துபோயிருக்கிறார்கள். விசாரணை முடிந்து வெளியே வந்ததும் அவர் எங்களிடம் சொன்னார்: "மாஸ்டர், ஊசி ஏறுறத பாத்தேன். வெறக கொறச்சேன். வேற என்ன செய்யணும்னு எனக்கு யாரு சொன்னா?"

கடிதத்தை வாபஸ் வாங்கச் செய்தோம். காலில் வெந்த தம்பிக்குச் சம்பளமும் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் இதை எழுதும் இன்றுவரை அந்த ஸ்டோரில் ஒருவருக்கும் பயிற்சி கொடுக்கப்படவில்லை. அதே பெரியவர் அதே பொய்லருக்குப் பக்கத்தில்தான் இன்றைக்கும் இரவு வேலை செய்கிறார்.

தோழர்களே, இந்தப் பொய்லர் விஷயம் என்னவென்று முதலில் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்டோருக்குள் போகாதவர்களுக்கும், மலையில் கொழுந்தெடுக்கும் நம் தாய்மாருக்கும் இது விளங்க வேண்டும்.

நீங்கள் எடுத்துக் கொடுக்கும் பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர்தான். டப்பாவில் போகும் தேயிலையில் ஏறத்தாழ 3 பங்குதான் தண்ணீர் மிஞ்சும். இடையில் ஸ்டோரில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரை விரட்டும் வேலை. வாட்டும் மாடியிலும் சூடு வேண்டும், காய வைக்கும் மெஷினிலும் சூடு வேண்டும். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் வாட்டும் மாடியில் சூடு இல்லாமல் ஒன்றும் நடக்காது. பழைய முறையில் அடுப்பின் சூட்டால் காற்றைச் சூடாக்கி, பெரிய விசிறியால் இழுத்து அனுப்புவார்கள். இப்போது சில ஸ்டோர்களில் வேறு முறை வந்திருக்கிறது. விறகுப் பொய்லரில் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். பம்பி அதைக் குழாய் வழியே அனுப்புகிறது. மாடியில் ரேடியேட்டர் இருக்கும், லொறிக்கு முன்னால் இருக்கிறதே, அதைப் போலப் பெரியது. தண்ணீர் அங்கே சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஆறி, மறுபடி பொய்லருக்கே திரும்பி வருகிறது. ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி ஓடும். இதை ஹைட்ரோனிக் முறை என்கிறார்கள். வெந்நீருக்குப் பதிலாகக் குளிர்நீரை ஓடவிட்டால் அதே முறையில் கட்டிடத்தைக் குளிராக்கலாம்.

இது நமக்குத் தெரியாத வித்தையா? லயத்துக்குப் பீலித் தண்ணீர் எப்படி வருகிறது? மலை உச்சி ஊற்றில் குழாயைப் போட்டு, பள்ளம் மேடு பார்த்து நம் ஆட்களே இறக்கிக் கொண்டுவருகிறார்கள். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அமுக்கம் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தைப் பார்க்காமலே, எந்த உயரத்திலிருந்து இறக்கினால் எந்தக் குழாய் வெடிக்கும் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பேராவது இருக்கிறார்கள். குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று சிக்கித் தண்ணீர் நின்றுபோனால், அந்த மேட்டில் ஓட்டை போட்டுக் காற்றை விடுவார்கள். வெந்நீர்க் குழாயில் வருகிற முதல் வியாதியும் அதேதான். ரேடியேட்டரின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் பச்சைத் தண்ணீராகவும் இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம். உச்சியில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து அதை வெளியே விட வேண்டும்.

நம் ஆட்களுக்குத் தெரியாததும் இருக்கிறது. சூடானால் தண்ணீர் விரியும். 20 பாகையிலிருந்து 85 பாகைக்கு ஏற்றினால் ஏறத்தாழ 3 சதவீதம் விரியும். குழாயிலும் பொய்லரிலும் 1000 லீற்றர் இருந்தால், கூடுதலாக 30 லீற்றருக்கு எங்காவது இடம் வேண்டும். மூடிய இரும்புக்குள் அந்த இடம் கிடையாது. அந்தச் சிவப்புத் தாங்கி அதற்காகத்தான் தொங்குகிறது. அதற்குள்ளே ஒரு ரப்பர்த் தடுப்பும் மறுபக்கம் காற்றும் இருக்கின்றன. விரியும் தண்ணீர் காற்றை நெருக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த வழியைப் பூட்டிவிட்டால் அமுக்கம் ஏறிக்கொண்டே போய்ப் பாதுகாப்பு வால்வில் வந்து நிற்கும். அந்த வால்வும் துருப்பிடித்து இறுகிக் கிடந்திருந்தால் அன்றைக்கு ஒரு காலோடு போயிருக்காது.

விறகுப் பொய்லருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. திரும்பி வரும் தண்ணீர் 55, 60 பாகைக்குக் கீழே போனால் புகையில் இருக்கும் ஈரம் உள்ளே படிந்து தார் பிடிக்கும், இரும்பை அரிக்கும். அதனால் புறப்படும் வெந்நீரில் கொஞ்சத்தைத் திரும்பி வரும் தண்ணீரோடு கலந்துவிட வேண்டும். இது தெரியாமல் போனால் பல வருடம் உழைக்க வேண்டிய பொய்லர் சில வருடத்தில் ஓட்டையாகும். அப்போதும் பழி விறகு போட்டவர் மேல்தான் விழும். ஈர விறகைக் கொண்டுவந்து கொட்டிய ஒப்பந்தக்காரரை யாரும் கேட்பதில்லை. அது வேறு கதை.

எங்கள் பாடசாலையில் சாதாரண தர விஞ்ஞானத்தில் ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறோம். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4200 யூல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்க அவ்வளவு வெப்பம் வேண்டும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளியும் எடுக்கிறார்கள். 80 பாகையில் போய் 60 பாகையில் திரும்பும் ஒவ்வொரு கிலோ தண்ணீரும் மேல்மாடியில் 84,000 யூலை விட்டுவிட்டு வருகிறது என்று அதே எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஓட வேண்டும், பம்பி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஸ்டோர் இருக்கிறது. ஆனால் ஒரு வகுப்பைக்கூட நாங்கள் அங்கே கூட்டிக்கொண்டு போனதில்லை. இது எங்கள் பிழை, ஒத்துக்கொள்கிறோம்.

சரி, ஸ்டோரை விட்டால் இந்த வேலை வேறு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் புல்லில் பனி உறையும் ஊர். அங்கே ஹோட்டல் நடத்துபவர்களுக்கு வெந்நீர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1990களில் ஹோட்டலாகிவிட்டது. நாம் வேலை செய்த கட்டிடங்கள் விடுதிகளாகும்போது, உள்ளே படுக்கை விரிக்கவும் தோட்டம் கூட்டவும் நம் பிள்ளைகளை எடுக்கிறார்கள். பொய்லர் அறைக்கு ஆள் தேவைப்பட்டால் வெளியூரிலிருந்து வரவழைக்கிறார்கள். சேமித்து வைக்கும் வெந்நீர் 60 பாகைக்குக் குறையக் கூடாது, இளஞ்சூட்டில் கிடந்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர்ந்து விருந்தாளியின் நுரையீரலைத் தாக்கும். இதைத் தெரிந்து பொறுப்பாகப் பார்க்கிறவருக்கு ஹோட்டல்காரர் கூலிக்காரச் சம்பளம் கொடுக்க முடியாது.

கொழும்பிலும் பெரிய கட்டிடங்களிலும் வைத்தியசாலைகளிலும் குளிர்நீர்தான் ஓடுகிறது. கீழே பெரிய இயந்திரம் தண்ணீரை 6, 7 பாகைக்குக் குளிராக்கி மேலே அனுப்பும், அது 12 பாகை அளவில் திரும்பி வரும். நம் பையன்கள் அதே கொழும்பில் புடைவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நின்று, கடைக்கு மேலேயே படுத்துத் தூங்குகிறார்கள். டுபாயிலும் கட்டாரிலும் ஒரே நிலையத்திலிருந்து நகரத்தின் ஒரு பகுதி முழுவதற்கும் குழாயில் குளிர்நீர் போகிறது. அங்கே நம் சகோதரிகள் வீட்டு வேலைக்கும் தம்பிகள் கூலி வேலைக்கும் போகிறார்கள். ஒரே விமானத்தில் சான்றிதழோடு போகிறவர் வாங்கும் சம்பளத்தையும் இவர்கள் வாங்கும் சம்பளத்தையும் விமான நிலையத்தில் வழியனுப்பப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த நாட்டில் சான்றிதழுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய தொழிற் தகைமை என்று ஒன்று இருக்கிறது. என்.வீ.கியூ. என்று பிள்ளைகள் சொல்வார்கள். 1 முதல் 7 வரை மட்டங்கள். 4 ஆம் மட்டம் வந்தால் முழுத் தொழிலாளி, 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பல வருடம் வேலை செய்து கைப்பழக்கத்தில் கற்றவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு. முன்கற்றலை அங்கீகரிப்பது என்று அதற்குப் பெயர். வகுப்பில் போய் உட்காராமல், செய்த வேலையைக் காட்டி, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்கலாம். நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுநர் பயிற்சி அதிகார சபையும், தொழிற்பயிற்சி அதிகார சபையும் இதைச் செய்கின்றன. ஸ்டோர் பிட்டர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாங்கள் எங்கள் பகுதியில் கேட்ட 11 பேரில் ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்தாலும் போக முடிகிறதா? பயிற்சி நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போகிற நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. போய்ச் சேர்ந்தால் படிப்பிப்பவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதியாகிவிட்டது. ஆனால் வால்வுக்கும் பம்பிக்கும் தமிழில் எழுதிய ஒரு பாடப் புத்தகம் நம் ஆளின் கைக்கு வந்து சேரவில்லை. க.பொ.த. உயர் தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. நம் தோட்டத்துப் பிள்ளை அதைப் படிக்க ஆசைப்பட்டால், அந்தப் பிரிவும் அதற்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் இருக்கிற பாடசாலையைத் தேடி ஊர் மாற வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்குப் பயிற்சியே வருவதில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். வருகிறது. மெழுகுதிரி செய்யவும், கேக் போடவும், தைக்கவும், மணப்பெண் அலங்காரத்துக்கும் வருகிறது. இரண்டு கிழமை நடக்கும், கடைசி நாள் பெரியவர்கள் வருவார்கள், சான்றிதழோடு போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்த மெழுகுதிரியை யாருக்கு விற்பது என்று போனவர்கள் சொல்லவில்லை. தைக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தின் நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்கு ஆள் தேவை, அதற்குப் பயிற்சி இல்லை என்பதுதான் எங்கள் எரிச்சல்.

சங்கத்துக்குள்ளேயே சில தலைவர்கள் கேட்கிறார்கள்: "நாட்சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, வெந்நீர்க் குழாய்க்குப் பயிற்சி கேட்க இதுதானா நேரம்?" நியாயமான கேள்வி. 1000 ரூபாவுக்காக எத்தனை வருடம் வீதியில் நின்றோம்! 2021 இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024 இல் 1350 ஆனது. அந்தப் போராட்டத்தை ஒரு நாளும் விட முடியாது, விடவும் மாட்டோம். ஆனால் அந்தப் போராட்டத்தில் நாம் எல்லோரையும் ஒரே கூலியாளாகத்தான் கணக்கில் வைத்திருக்கிறோம். ஸ்டோரில் பொய்லர் பார்க்கிறவருக்குத் தனித் தரம் வேண்டும், தனிச் சம்பளம் வேண்டும் என்று நாம் ஒருபோதும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு என்ன தகைமை என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

மற்றவர்கள் சொல்வது இன்னும் கூர்மையானது. "படித்துவிட்டால் பையன் தோட்டத்தில் நிற்க மாட்டான், போய்விடுவான்." போகட்டுமே! இப்போதும் போகிறான்தானே, கையில் ஒன்றும் இல்லாமல். எங்களிடம் படித்த ஒரு பையன், பீலிக் குழாய் வேலையில் அப்பாவுக்கு உதவி செய்து வளர்ந்தவன், இன்று கொழும்பில் ஒரு கடையில் பெட்டி தூக்குகிறான். பொங்கலுக்கு வந்தவன் எங்கள் பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியின் ஒழுக்கை அரை மணித்தியாலத்தில் திருத்திக் கொடுத்துவிட்டு, இரவு பஸ்ஸில் பெட்டி தூக்கப் போனான்.

இதில் சிங்களத் தொழிலாளியோடு நமக்குப் போட்டி ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். கீழ்நாட்டுச் சிறிய தேயிலை ஸ்டோரில் பொய்லர் பார்க்கும் சிங்களச் சகோதரருக்கும் இதே கதிதான். அவருக்கு மொழி விளங்கும், அவ்வளவே. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, நீராவிப் பொய்லரைத் தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியானால் 1600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும் என்பதால் அந்தப் பயம் சரியான பயம். ஆனால் இரும்பைப் பரிசோதிக்க ஆள் வருவதைப் போல, அந்த இரும்புக்குப் பக்கத்தில் இரவெல்லாம் நிற்கிறவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்க யாராவது வருகிறார்களா?

ஆகவே நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். பயிற்சி மலையகத்திலேயே நடக்க வேண்டும், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ. படம் காட்டிப் படிப்பித்தால் போதாது. சின்னப் பொய்லர், பம்பி, தாங்கி, நாலு ரேடியேட்டர் வைத்து உண்மையாகவே தண்ணீர் ஓடும் ஒரு கூடம் வேண்டும். அங்கே வால்வை வேண்டுமென்றே பூட்டிவிட்டு, ஊசி ஏறும்போது என்ன செய்வது என்று பழக வேண்டும். தமிழில் படிப்பிக்க வேண்டும், புத்தகமும் தமிழில் வேண்டும். இப்போது ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் போகும் நாளுக்குக் கம்பனி முழுப் பேர் போட வேண்டும். புதுப் பொய்லர் வாங்க லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்கள், அதைப் பூட்டுகிற கம்பனியோடு ஒப்பந்தம் எழுதும்போதே பயிற்சியையும் ஒரு நிபந்தனையாக எழுதலாம். ஹோட்டல்காரர்களும் இதில் பங்கு போட வேண்டும், நாளைக்கு அவர்களுக்கும்தான் ஆள் வேண்டும். நகரத்தில் பிளம்பர், எலக்ட்ரீசியன் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்கும் பின்னேர வகுப்பு வைக்கலாம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றதும் ஒரு கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அமுக்கமானியை வாசிக்கவும் பம்பியின் கணக்குப் போடவும் மீசை தேவையில்லை. எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் மூன்று இடத்தில் இருப்பவர்களும் பொம்பளைப் பிள்ளைகள்தான்.

சான்றிதழ் வாங்கியவருக்குச் சம்பளத்தில் தரம் ஏற வேண்டும் என்பதில்தான் கம்பனி முரண்டு பிடிக்கும். பயிற்சிக்கு ஆம் என்பார்கள், தரத்துக்கு இல்லை என்பார்கள். அந்த இடத்தில் சங்கம் விட்டுக்கொடுத்தால் இதுவும் மெழுகுதிரி வகுப்பாகத்தான் முடியும்.

வருகிற மாவட்டக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். அதற்கு முன் தோட்டத் தலைவர்களிடமும் மாதர் தலைவிகளிடமும் ஒரு வேலை கேட்கிறோம். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: உங்கள் ஸ்டோரில் அடுப்பு, பொய்லர், பம்பி, குழாய் பார்ப்பவர்கள் யார், எத்தனை வருடம், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார், எந்த மொழியில். லயத்துக்குப் பீலி இறக்குகிறவர்களின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, விருப்பம் சொன்னால் அவர்களையும் எழுதுங்கள். இந்த மாதச் சந்தா கொண்டுவரும்போது கொப்பியையும் கொண்டுவாருங்கள். முதல் பக்கத்தில் எழுத ஒரு பெயரை எங்களிடம் ஏற்கெனவே தந்துவிட்டார், 19 வருடம் அடுப்புப் பார்த்த அந்தப் பெரியவர். 52 வயதில் வகுப்புக்கு வரலாமா என்று கேட்டார். வரலாம் என்று சொல்லியிருக்கிறோம்.